சாமியையும் சாதியையும் உரசிய பழைய அறிவியல் புனைகதைகள்: எதை முதலில் படிக்கலாம்?

அகழிக்கரை

வேலூர் வாசகர் வட்டத்தில் அடுத்த சில மாதங்களுக்கு அறிவியல் புனைகதை படிப்பதென்று முடிவாகிவிட்டது. ராக்கெட், ரோபோ, வேற்றுக்கிரகப் படையெடுப்பு என்று போனால் மூத்தவர்கள் இரண்டாவது கூட்டத்துக்கே வரமாட்டார்கள். ஆகவே ஒரு நிபந்தனை. கதை பழையதாக இருக்க வேண்டும். வெளிவந்த காலத்தில் ஊர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்த எதையாவது, மதமோ குடும்பமோ ஆண் பெண் ஒழுங்கோ, அது உரசிப் பார்த்திருக்க வேண்டும். எதை முதலில் படிக்கலாம் என்று இந்த இழையில் காரணத்தோடு எழுதுங்கள். வெறும் பட்டியல் வேண்டாம்.

என் தேர்வு ஆர்தர் சி. கிளார்க் 1955-இல் வெளியிட்ட ‘தி ஸ்டார்’. சில பக்கங்கள்தான். கதை சொல்பவர் ஒரு யேசு சபைப் பாதிரியார். விண்கப்பலின் தலைமை வானியற்பியலாளரும் அவரே. கணினிக்கு மேலே சுவரில் சிலுவை தொங்குகிறது. வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சத்தை ஆராய்ந்துவிட்டுக் கப்பல் திரும்பிக்கொண்டிருக்கிறது. அந்த விண்மீனின் கடைசிக் கோள் மட்டும் கருகியும் தப்பியிருக்கிறது. அதில் ஒரு பெட்டகம். அழியப் போகிறோம் என்று முன்பே தெரிந்துகொண்ட ஓர் இனம், தான் செய்தவற்றில் சிறந்ததையெல்லாம் அதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. விசித்திரமான நீல மணல் கடற்கரையில் குழந்தைகள் ஓடி விளையாடும் ஒரு படக்காட்சி வரும். அவர்களைக் கொல்லப் போகிற சூரியன் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். பாதிரியார் வெடிப்பின் காலத்தைக் கணக்கிடுகிறார். அதன் ஒளி பூமியை எப்போது அடைந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. யேசு பிறந்தபோது பெத்லகேமுக்கு மேலே எரிந்த விண்மீன் அதுதான்.

கடவுளைத் திட்டும் கதைகள் எத்தனையோ உண்டு. இது நம்புகிறவன் வாயாலேயே கடவுளிடம் கணக்குக் கேட்கிறது. கிளார்க்குக்கு மத நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பாதிரியாரை ஓர் இடத்தில்கூட ஏமாளியாகக் காட்டவில்லை. நம்பிக்கையுள்ளவனை மதித்து எழுதிய கதைதான் நம்பிக்கையை உண்மையாகச் சோதிக்கும் என்பது என் கட்சி. மற்றவை மேடைப் பேச்சு.

காட்பாடி பாசஞ்சர்

முடிவைப் போட்டு உடைத்துவிட்டுப் ‘படியுங்கள்’ என்கிறீர்கள். இனி எதற்குப் படிப்பது?

அகழிக்கரை

வெளிவந்து எழுபது ஆண்டாகிறது ஐயா. ராமனுக்குப் பட்டாபிஷேகம் ஆகிறது என்று சொன்னால்கூடக் கோபித்துக்கொள்வீர்கள் போலிருக்கிறது.

ஜவ்வாது மலையான்

கிளார்க்கையே எடுத்தால் 1953-இல் வந்த ‘தி நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்’ கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திபெத்திய மடம் ஒன்று கடவுளின் எல்லாப் பெயர்களையும் எழுதி முடிக்கப் பார்க்கிறது. கையால் எழுதினால் பதினைந்தாயிரம் ஆண்டு. ஆகவே ஒரு கணினியை வாடகைக்கு எடுக்கிறார்கள்; வேலை நூறு நாளில் முடிந்துவிடும். பெயர்கள் முடிந்தால் உலகம் படைக்கப்பட்ட நோக்கமும் முடிந்துவிடும் என்பது துறவிகளின் நம்பிக்கை. ஒன்றும் நடக்கப்போவதில்லை, ஏமாந்த துறவிகள் நம்மை உதைப்பார்கள் என்று பயந்து இரண்டு பொறியாளர்களும் மட்டக்குதிரையில் ஏறி முன்கூட்டியே நழுவுகிறார்கள். (முடிவைச் சொல்லமாட்டேன், பாசஞ்சர் இருக்கிறார்.) ‘தி ஸ்டார்’ கதையில் அறிவியல் ஒரு பக்தனின் தூக்கத்தைக் கெடுக்கிறது. இங்கே தூக்கம் கெடுவது அறிவியல்காரனுக்கு. இரண்டும் ஒரே கையால் சில ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை. ஒன்றை மட்டும் படித்தால் கிளார்க்கைப் பாதிதான் படித்ததாகும்.

நான் ஆலங்காயத்துக்காரன். மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். நான் பிறந்தபோது அது வடாற்காடு, பிறகு வேலூர், 2019-இலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மலை அங்கேயேதான் இருக்கிறது. 1972-இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான அறிகுறியைப் பிடித்தது அந்த இடம். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோதும் காவலூரின் பதிவு அதில் உண்டு. 1986-இலிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. கிரகண நாளில் கர்ப்பிணியை வெளியே விடாத வீடுகள் அந்தக் குவிமாடத்துக்குக் கீழேயே இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகளே தொலைநோக்கியில் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு வந்து ஆச்சரியப்படுகிறார்கள். மறுநாள் காலையில் சனீஸ்வரனுக்கு எள் விளக்கும் ஏற்றுகிறார்கள். அறிவியலும் நம்பிக்கையும் நேருக்கு நேர் மோதும் என்று கதாசிரியர்கள் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன, பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

வாணியம்பாடி வாசகி

நெபுலா, வாடிகன், திபெத். பாரம்பரிய மதிப்பீடுகளை உரசுவதென்றால் ஆண்களுக்கு உடனே வானம்தான் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்குள் வாருங்கள்.

பேகம் ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாஸ் ட்ரீம்’ 1905-இல் வெளிவந்தது. எங்கே? நம் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில். வங்காளத்து முஸ்லிம் பெண் ஆங்கிலத்தில் எழுதி மதராஸில் அச்சான கதை. அதில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் முடங்கியிருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்கிறார்கள், வானூர்தியில் பறக்கிறார்கள். படையெடுத்து வந்த எதிரியைச் சூரிய ஒளியைக் குவித்தே விரட்டியவர்கள் இந்தப் பெண்கள்.

எனக்குப் பிடித்த இடம் வேறு. சுல்தானா முதன்முதலாகப் பகலில் தெருவில் நடக்கும்போது கூச்சத்தில் தடுமாறுகிறாள். அங்குள்ள பெண்கள் அவளைப் பார்த்து ‘ஆம்பிளை மாதிரி இருக்கிறாள்’ என்று சிரிக்கிறார்கள். ஆண் என்றால் அந்த ஊரில் அச்சமும் நாணமும்தானே! இன்னோரிடம்: ஒரு சுருட்டு புகைய அரை மணி நேரம், ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடிக்கிறான், ஆக அலுவலக நேரத்தில் ஆறு மணி நேரம் புகையாகப் போய்விடுகிறது, அதே வேலையைப் பெண்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். இருபத்தொரு வயதுக்குள் பெண்ணுக்குத் திருமணம் கூடாதென்பது அந்த நாட்டின் சட்டம். இங்கே 1929-இல் வந்த சாரதா சட்டம்கூடப் பெண்ணுக்குப் பதினான்கு என்றுதான் நிர்ணயித்தது.

இதில் கடவுளைப் பற்றி ஒரு வசவும் இல்லை. அந்த நாட்டின் மதம் அன்பும் உண்மையும், முடிந்தது. ஆனால் மார்க்கத்தின் பெயரால் நடந்த எல்லாம் தலைகீழாகிவிடுகிறது.

வேலூர்க்காரர்களுக்கு இதன் எடையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் துடிக்கும் மனைவிக்கு ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போக, மூன்று பெண்களும் இறந்த கதைதானே ஐடா ஸ்கட்டரை மருத்துவம் படிக்க அனுப்பியது? 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார், இன்றைய சி.எம்.சி. அதுதான். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. ஆண் மாணவர்களை அங்கே சேர்த்துக்கொண்டது 1947-இல்தான். ரொக்கேயா கனவாக எழுதிய காலத்தில், இங்கே ஆரணி சாலையில் அதன் ஒரு பகுதி நிஜமாகவே நடந்துகொண்டிருந்தது.

பழைய வடாற்காடு

வாசகி அம்மா சொன்னது சரி. ஆனால் கல்கத்தா வரைக்கும் போவானேன்? பெரியாரின் ‘இனி வரும் உலகம்’ 1940-களில் வந்த சிறு நூல். ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்தி சாதனம் சட்டைப் பையில் இருக்கும் என்றார். பேசுபவரின் உருவத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்றார். ஆண் பெண் சேர்க்கை இல்லாமலே பிள்ளை பிறக்கும் என்றார். 1973 டிசம்பர் 24 அன்று அவர் கண்மூடியது இதே வேலூர் மருத்துவமனையில்தான். சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1978-இல். இதைவிடவா உங்களுக்கு அறிவியல் புனைவு வேண்டும்?

இன்னொன்று. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலில் நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் மூலவர் கிடையாது. கல்யாண மண்டபத்துத் தூண்களைப் பார்க்கப் போவோம், குதிரை வீரனைத் தொட்டுப் பார்ப்போம், யாரும் செருப்பைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுவரை அந்தக் கோயில் எங்கள் கட்சி.

மணிக்கூண்டு

ஐயா, சிரித்துவிட்டேன். ஆனால் ‘இனி வரும் உலகம்’ கதை ஆகாது. அதில் ஆள் இல்லை. சட்டைப் பையில் தொலைபேசி வரும் என்று முன்கூட்டிச் சொல்வது மதிநுட்பம். அந்தத் தொலைபேசியால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று காட்டினால்தான் புனைவு.

நான் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவன். இந்த இழையில் நம்பிக்கை எப்போதும் கூண்டில் நிற்கிறது. என் பரிந்துரையில் அது எழுந்து கேள்வி கேட்கிறது. வால்டர் மில்லரின் ‘எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’, 1959. ஆசிரியர் இரண்டாம் உலகப் போரில் மோன்டே கசீனோ மடத்தைத் தகர்த்த குண்டுவீச்சில் விமானத்தில் இருந்தவர், பிற்பாடு கத்தோலிக்கரானார். அணுப்போருக்குப் பிறகு மக்கள் படித்தவர்களை அடித்துக் கொன்று புத்தகங்களை எரிக்கிறார்கள். மிஞ்சிய தாள்களைப் பாலைவனத்து மடம் ஒன்று நூற்றாண்டுக் கணக்கில் பாதுகாக்கிறது. ஒரு மின்சுற்றின் வரைபடம் கிடைக்கிறது. எளிய துறவி ஒருவர் அது என்னவென்றே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பொன் வேலைப்பாட்டோடு அதைப் படியெடுக்கிறார். பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த அறியாமைதான் அறிவியலைக் காப்பாற்றுகிறது.

மூன்றாம் பகுதியில் மறுபடி குண்டு விழுகிறது. பிழைக்க வழியில்லாத கதிர்வீச்சு நோயாளிகளுக்கு வலியில்லாத சாவைத் தர அரசு முகாம் திறக்கிறது. மடாதிபதி எதிர்க்கிறார். கைக்குழந்தையோடு ஒரு தாய் அங்கே போகிறாள். மருத்துவர் சொல்வதும் நியாயம். மடாதிபதி விடாப்பிடியாக நிற்பதைப் பார்க்கச் சில இடங்களில் எனக்கே எரிச்சல் வந்தது. இன்றைய உலகில் ஊர் ஒப்புக்கொண்ட மதிப்பீடு ‘வலி கூடாது’ என்பதுதான். அதை உரசுகிற புத்தகமும் உங்கள் நிபந்தனைக்குள் வரத்தானே வேண்டும்?

அகழிக்கரை

வரும். நான் சொன்ன கட்சிக்கே வலுச் சேர்க்கிறது.

குடியாத்தம் தறி

எல்லாம் படித்தேன். சாமி, பாதிரியார், துறவி, பர்தா. இழையின் தலைப்பில் ‘சாதி’ என்று போட்டிருக்கிறீர்கள், இத்தனை பதிவில் யாரும் அதைத் தொடவில்லை.

வெளிநாட்டில் அதற்குப் பக்கத்தில் வந்த ஒரே பழைய நாவலாக நான் கருதுவது ரோஜர் செலாஸ்னியின் ‘லார்ட் ஆஃப் லைட்’, 1967. வேறொரு கோளில் குடியேறிய கப்பலின் முதல் கூட்டம் தொழில்நுட்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்துக் கடவுள்களாக வேடம் போட்டு ஆள்கிறது. யமன், காளி, பிரம்மா எல்லாரும் உண்டு. உயிரை ஓர் உடலிலிருந்து வேறு உடலுக்கு மாற்றும் இயந்திரம் இருக்கிறது. ஆனால் அடுத்த உடல் எது என்பதைக் கர்ம அதிகாரிகள் உங்கள் மனத்தைத் துருவிப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். பணிந்தவனுக்கு நல்ல உடல். எதிர்த்துப் பேசியவனுக்கு நாயின் உடல்கூடக் கிடைக்கலாம். முற்பிறவி வினை என்று நமக்குச் சொல்லப்பட்டதை ஓர் அலுவலகமாக, வரிசையில் நிற்கிற இடமாக, மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிற இடமாக மாற்றிவிட்டார் மனிதர். படித்தபோது புல்லரித்தது.

அவர்களை எதிர்க்கக் கிளம்பும் சாம் கையிலெடுப்பது பௌத்தத்தை. நாவல் வருவதற்குப் பதினொரு ஆண்டு முன்னால், 1956 அக்டோபரில், நாக்பூரில் அம்பேத்கர் செய்தது அது. 1898-இலேயே அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிவிட்டார். சாமுக்குப் பௌத்தத்தில் நம்பிக்கை இல்லை, அவனுக்கு அது ஆயுதம். ஆனால் அவனைக் கொல்ல வந்த ரில்ட் என்பவன், போலி புத்தனின் பேச்சைக் கேட்டு உண்மையிலேயே ஞானம் அடைந்துவிடுகிறான். அந்த அத்தியாயம் தங்கம். அகழிக்கரையாரின் கட்சி அங்கே எடுபடுகிறது.

எடுபடாத இடமும் உண்டு. செலாஸ்னிக்கு இது நாடக உடுப்பு. கடவுள் வேடக்காரர்களின் சண்டை வானத்தில் நடக்கிறது. கீழே நாயாகப் போனவன் என்ன நினைத்தான் என்று அவர் கேட்கவில்லை.

வாணியம்பாடி வாசகி

தறி அண்ணா சொன்ன குறையை உர்சுலா லெ குவினிடம் சொல்ல முடியாது. ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’, 1969. கெத்தன் கோளில் நிரந்தர ஆணும் இல்லை, நிரந்தரப் பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டும் உடல் ஒரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. பிள்ளைப்பேறு யாருக்கும் வரலாம். அரசர் கருவுற்றிருக்கிறார் என்ற செய்தி அங்கே வெறும் செய்தி. பிறப்பு நிர்ணயிக்கிற வேலைப் பிரிவினை இல்லாவிட்டால் அதிகாரம் எப்படி இருக்கும் என்று அவர் ஒரு நாட்டையே கட்டிக் காட்டுகிறார். அங்கும் சூழ்ச்சி உண்டு, சிறை முகாம் உண்டு. சொர்க்கமாகக் காட்டாததுதான் அதன் பலம்.

காட்பாடி பாசஞ்சர்

தமிழில் ஒன்றும் இல்லையா? சுஜாதாவை மறந்துவிட்டீர்களே. ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும், பெயருக்கு இரண்டெழுத்துதான். நிலா, சிபி, ஜீவா. 1980-களில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்து வீடு வீடாகப் படித்தார்கள். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே காத்திருந்தவர்கள் உண்டு.

குடியாத்தம் தறி

மறக்கவில்லை. நானும் ஜீனோவுக்காகக் காத்திருந்தவன்தான். சர்வாதிகாரத்தை அது நன்றாக உரசியது. ஆனால் பெயரை இரண்டெழுத்தாகக் குறைத்துவிட்டால் சாதி போய்விடுமா? ‘எந்த ஊர்?’ என்பார்கள். சொன்னதும் ‘ஊரில் எந்தத் தெரு?’ என்பார்கள். இரண்டாவது கேள்வி எதற்கென்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

2019 ஆகஸ்டு நினைவிருக்கிறதா? வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரம். சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்துவிட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். மேலே இருந்தவர்கள் கயிற்றை விட, கீழே கை நீட்டி வாங்கினார்கள். காணொளி நாடெங்கும் ஓடியது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே ஆகஸ்டு 20-ஆம் தேதி சந்திரயான்-2 நிலவின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. இரண்டு செய்தியையும் ஒரே வாரம் படித்த ஊர் நம்முடையது. இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்த தமிழ் அறிவியல் கதை ஒன்றைக் காட்டுங்கள், அதை முதலில் படிப்போம்.

பழைய வடாற்காடு

இல்லை தம்பி. நீங்கள் எழுதுங்கள். நிலவில் குடியேற்றம். முதல் சாவு விழுகிறது. எங்கே புதைப்பது, எந்த வழியாகத் தூக்கிப் போவது?

ஜவ்வாது மலையான்

நிலவில் புதைத்தால் உடல் மக்காது ஐயா. காற்று இல்லை, நுண்ணுயிர் இல்லை. அதைவிட, ஒரு மூடிய குடியிருப்பில் உடலை வெளியே வீசவே மாட்டார்கள். அதிலிருக்கும் நீர் விலைமதிப்பற்றது.

காட்பாடி பாசஞ்சர்

இது ‘டியூன்’ ஆயிற்றே! ஃபிராங்க் ஹெர்பர்ட், 1965. பாலைவனக் கோளில் இறந்தவனின் நீர் இனக்குழுவுக்குச் சொந்தம். மதத்தைப் பற்றியும் அதில் ஒரு விஷமம் உண்டு. பெண் துறவிகளின் சங்கம் ஒன்று, என்றைக்காவது தங்கள் ஆளுக்கு உதவும் என்று கோள்கள்தோறும் பொய்த் தீர்க்கதரிசனங்களை விதைத்து வைக்கும். ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று பேரெடுத்த ஊரில் இதைப் படிக்காமல் எதைப் படிப்பது? சாமி வந்துவிட்டார், மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஜவ்வாது மலையான்

கற்பனைக்கே போக வேண்டாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2008-இலிருந்து சிறுநீரையும் வியர்வையையும் வடித்துக் குடிநீராக்குகிறார்கள். 2023-இல் 98 விழுக்காடு நீரை மீட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அங்கே எல்லாரும் எல்லாருடைய நீரையும்தான் குடிக்கிறார்கள்.

குடியாத்தம் தறி

இதோ கதை கிடைத்துவிட்டது. தமிழர்கள் மட்டும் போகிற கப்பல். ஒரே தொட்டி. யார் வியர்வை யார் குவளையில் என்று கேட்க ஆரம்பிப்பவன் எத்தனையாவது நாளில் கேட்பான்?

மணிக்கூண்டு

கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுவான். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களுக்கு இரட்டைத் தொட்டி வைக்கத் தெரியாதா? எங்கள் சபையிலும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஜவ்வாது மலையான்

இரண்டாவது தொட்டிக்கும் வடிகட்டும் இயந்திரத்துக்கும் எடை கூடும், எரிபொருள் கூடும். எந்தத் திட்ட அதிகாரியும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

குடியாத்தம் தறி

ஒப்புக்கொள்வார் ஐயா. காரணப் பத்தியில் ‘ஒன்று பழுதானால் மற்றொன்று வேண்டுமே, பயணிகள் பாதுகாப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். என் கதையின் முதல் வரி அந்தக் கோப்புக் குறிப்புதான். அடுத்த கூட்டத்துக்கு ‘லார்ட் ஆஃப் லைட்’ படித்துவிட்டு வாருங்கள், நான் இதை எழுதிக்கொண்டு வருகிறேன்.

வாணியம்பாடி வாசகி

கப்பலில் அந்தத் தொட்டிகளைக் கழுவுவது யார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள் அண்ணா. ஆண்கள் எழுதும் கதையில் அது கடைசிவரை தெரிவதில்லை.